டவர் ஏறுவது விளையாட்டல்ல!

"பட்டம் சிக்கிடுச்சு, எடுத்துட்டு வந்துடறேன்", "பந்தயம் கட்டியிருக்கேன்", "என் கோரிக்கைக்கு பதில் சொல்லுங்க, அப்பதான் இறங்குவேன்"... டவரில் ஏறுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் பல. இன்னொரு பக்கம், வயிற்றுப் பிழைப்புக்காகவே தினமும் ஏறி இறங்குகிறவர்கள். விழுந்தால் ஆபத்து என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால், விழாமலேயே ஆளைச் சாய்க்கும் ஆபத்துகளும் மேலே உண்டு.

ஏறிட்டேன்... இறங்க முடியலையே!

ராமேஸ்வரம் டி.வி. கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் நூறு மாடிக்கும் மேல்! அவ்வளவு உயரம் வேண்டாம். வெறும் 20 மீட்டரிலிருந்து கை நழுவினால்கூட இரண்டே விநாடியில் தரை. அப்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்.

ஏறும்போது ஒரு வேகத்தில் ஏறிவிடுவார்கள். மேலே போனதும் கைத்தசைகள் சோர்ந்து, பிடி தளர ஆரம்பிக்கும். வெயிலில் வியர்வை வழிந்து உடம்பில் நீர் குறையும். பக்கத்தில் சுவரோ மரமோ இல்லாததால், கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது. உடம்பு தன்னையறியாமல் ஆடும், தலை சுற்றும். பயத்தில் உள்ளங்கை வியர்த்தால் கேட்கவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத சூடு

ஒலிபரப்பு நடக்கும்போது ஆன்டெனாவுக்கு மிக அருகில் போனால், ரேடியோ அலைகளை உடம்பு உறிஞ்சி உள்ளே சூடாகும். எஃப்.எம். அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். மனித உடம்பு அதிகமாக உறிஞ்சும் எல்லைக்குள்தான் இது வருகிறது. ரத்தம்தான் உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டமே கிடையாது. அதனால் கண்ணுக்கும், ஆண்களின் விதைப்பைக்கும் பாதிப்பு அதிகம். தோலில் சுரீர் என்று தெரிவதற்குள் உள்ளே சேதம் ஆகியிருக்கலாம்.

கோபுரமே ஆன்டெனா!

மீடியம் வேவ் வானொலி நிலையங்களில் பெரும்பாலும் கம்பத்தின் உச்சியில் தனியாக ஆன்டெனா இருக்காது. முழுக் கம்பமுமே ஆன்டெனாதான். அடியில் பீங்கான் மேல் நிற்கும். சுற்றி வேலி போட்டிருப்பார்கள். தரையில் நின்றபடி அதைத் தொட்டால், மின்சாரம் உடம்பு வழியாக பூமிக்குப் பாயும். வெளியே சின்னப் புண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக வெந்திருக்கும். வேலி தாண்டி பந்து போனால், பந்து போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பெல்ட் போட்டாச்சு... போதுமா?

போதாது. விழுந்தவரை பெல்ட் பிடித்துக்கொள்ளும். ஆனால், அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரே போகலாம். ஆகவே தொங்குகிறவர் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தால் கம்பியில் பாதத்தை ஊன்றவேண்டும். கீழே இருப்பவர்கள் சீக்கிரம் இறக்கவேண்டும்.

பழகிய கைகளுக்கும் ஆபத்து உண்டு. 1982 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸில், சுமார் 1,800 அடி கோபுரத்தில் எஃப்.எம். ஆன்டெனா ஏற்றினார்கள். தூக்குவதற்காகச் சேர்த்த இணைப்பின் போல்ட்டுகள் பாரம் தாங்காமல் போக, ஆன்டெனா விழுந்து, கோபுரத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பியை அறுத்தது. கோபுரமே சரிந்தது. ஐந்து தொழிலாளர்கள் பலியானார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை டவர் வேலைக்குப் போகிறாரா?

* வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.

* முதல் நாள் குடித்திருந்தாலோ, சரியாகத் தூங்காவிட்டாலோ ஏறக்கூடாது. சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் தூக்கம் வரவழைக்கும்.

* வலிப்பு, தலைசுற்றல், இன்சுலின் போடும் சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

* பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும்.

* ஒலிபரப்பை நிறுத்தியாச்சா அல்லது பவரைக் குறைச்சாச்சா என்று கேட்டு உறுதி செய்த பிறகே ஆன்டெனா பக்கம் போகவேண்டும்.

* இடி சத்தம் கேட்டால் உடனே இறங்கிவிட வேண்டும். மழை வந்த பிறகு பார்க்கலாம் என்பது தப்பு. மழைக்கு முன்பே மின்னல் வரும்.

யாராவது விழுந்துவிட்டால்?

பதற்றத்தில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசைந்தால் தண்டுவடம் பாதிக்கும். தண்ணீர் புகட்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பெல்ட்டில் தொங்கி மயங்கியவரை இறக்கினால் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். உட்கார வைக்கணும் என்பது பழைய யோசனை. இப்போது அப்படிச் செய்யச் சொல்வதில்லை.

யாராவது கோபத்திலோ விரக்தியிலோ ஏறிவிட்டால், கீழே கூடி நின்று கூச்சல் போடாதீர்கள். அவரைப் பிடிக்க நீங்களும் பின்னாலேயே ஏறாதீர்கள். 112-க்குச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் வரும் வரை, அவருக்கு வேண்டியவர் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும். அவர் பத்திரமாக இறங்கி வருவதுதான் முக்கியம். திட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.