எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் பம்ப்

கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்லும் லாரிகளைக் காணாதவர் நம் பகுதியில் இல்லை. அந்த லாரியின் எஞ்சினுள்ளே, யார் கண்ணிலும் படாமல், ஒரு சிறிய கருவி இடைவிடாது உழைத்துக்கொண்டிருக்கிறது. அதுவே எண்ணெய் பம்ப். அது தளர்ந்தால் எஞ்சினுக்கு என்ன நேரும்? தளர்ச்சியை எவ்வாறு அறிவது? எவ்வாறு செப்பனிடுவது? இவற்றை இன்று சற்று ஆராய்வோம்.

எஞ்சினின் நடுத்தண்டாகிய கிராங்க் ஷாப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்குகளின்மீது நேரே உராய்ந்துகொண்டு சுழல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இரண்டுக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. தண்டு அதன்மீது மிதந்தே சுழல்கிறது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1883-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துவந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக, அத்துளை வழியே மேலே பொங்கியது. துளையை அடைத்தார், அடைப்பையும் அது வெளியே தள்ளிவிட்டது! சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் செல்ல, அங்கே எழும் அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித வழியில் விளக்கினார்.

ஆகவே, பாரத்தைத் தூக்குவது பம்ப்பின் வேலை அன்று. படலம் அறுந்துபோகாதபடி எண்ணெயைக் குறைவின்றிக் கொண்டுசேர்ப்பதே அதன் கடமை.

பம்ப்பின் அமைப்பு எளிது. சம்ப் எனப்படும் அடித்தொட்டியிலுள்ள எண்ணெய், ஒரு கம்பிவலைச் சல்லடை வழியாக மேலே இழுக்கப்படுகிறது. பம்ப்பினுள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. பற்களின் இடுக்குகளில் அகப்பட்ட எண்ணெய், கூட்டின் சுவரையொட்டி மறுபுறம் சென்று சேர்கிறது. பற்கள் நடுவில் கவ்விக்கொள்வதால் அது திரும்பிவர இயலாது. பின்னர் அது வடிகட்டியைக் கடந்து, பெரிய எண்ணெய்க் குழாயை அடைந்து, ஒவ்வொரு பேரிங்குக்கும் பங்கிடப்படுகிறது. அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் வில்சுருளால் இயங்கும் வால்வு ஒன்று திறந்து, மிகுதியைச் சம்ப்புக்கே அனுப்பிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான கருத்தைக் கவனிக்க வேண்டும். கமலை இறைத்த காலத்தை முதியோர் நினைத்துப் பார்க்கட்டும். மாடுகள் நன்றாக இழுத்தும் கடைசிப் பாத்திக்கு நீர் சேரவில்லை என்றால், மாட்டை அடிப்பதால் பயன் என்ன? வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? எஞ்சினிலும் அவ்வாறே. பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி பெருகினால் எண்ணெய் எளிதாக வழிந்தோடும். பம்ப் நன்றாக இருந்தும் அழுத்தம் விழும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கடன் வாங்கி வாங்கிய பழைய லாரி ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறார். ஒரு கோடையில், எஞ்சின் சூடேறியதும் எண்ணெய் மானியின் முள் கீழே விழத் தொடங்கியது. பட்டறையில் சொன்னபடி புதிய பம்ப் வாங்கிப் பொருத்தினார். முள் சிறிதே உயர்ந்தது. "சார், புதுப் பம்ப் போட்டும் முள் ஏறவில்லையே" என்று வாடிய முகத்துடன் வந்தார். "தம்பி, வாய்க்காலைப் பார்த்தாயா?" என்றேன். மறுநாள் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்த்தபோது மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. காரணம், காற்று வடிகட்டியின் ரப்பர்க் குழாயில் இருந்த ஒரு கீறல். கரிசல் காட்டுப் புழுதி அதன்வழியே எஞ்சினுக்குள் புகுந்து, எண்ணெயோடு கலந்து, அரம்போல் அராவியிருந்தது. நல்லவேளையாகக் கிராங்க் ஷாப்ட் பழுதுபடவில்லை. புதிய பேரிங்குகளோடு வண்டி பிழைத்தது. பழைய பம்ப்பை அளந்து பார்த்தோம். அதில் குறையே இல்லை! புதிய பம்ப்புக்குக் கொடுத்த பணம் வீணாயிற்று.

ஆதலால் முறையாகச் சோதிக்க வேண்டும். முதலில் எண்ணெயின் அளவைப் பார்க்க. டீசல் கலந்து நீர்த்துள்ளதா என முகர்ந்து அறிக. வேறொரு மானியை இணைத்து, முள் சொல்வது மெய்யா என்று தெளிக. அடுத்து அழுத்த வால்வில் அழுக்குச் சிக்கியுள்ளதா, வில்சுருள் தளர்ந்துள்ளதா என்று காண்க. பின்னரே சம்ப்பைக் கழற்றிச் சல்லடை, உறிஞ்சுகுழாயின் இணைப்பு, பேரிங்குகள், பம்ப் என வரிசையாக ஆராய்க. இணைப்பு தளர்ந்திருந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும்.

பம்ப்பைத் திறந்ததும் கூட்டின்மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, பற்சக்கரத்துக்கும் அதற்குமுள்ள இடைவெளியைத் தகட்டு அளவியால் அளக்க வேண்டும். பற்சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையிலும் அவ்வாறே. தயாரிப்பாளர் நூலில் தந்த எல்லையைக் கடந்திருந்தால் மாற்றுவதே முறை. மூடியில் மட்டும் வடு விழுந்திருந்தால், தட்டையான கண்ணாடிமீது மெல்லிய எமரித்தாளை வைத்துச் சமமாகத் தேய்க்கலாம். திரும்பப் பொருத்தும்போது தடித்த காஸ்கெட்டைப் போட்டால் இடைவெளி பெருகி, பட்ட பாடு வீணாகும். சிலர் வில்சுருளுக்கு அடியில் வாஷர் வைத்து முள்ளை உயர்த்துவர். அது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

பம்ப்பினுள் சுத்தமான எண்ணெயை நிரப்பியே பொருத்துக. டீசல் செல்வதை நிறுத்திவிட்டு, முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றி, அதன்பின் எஞ்சினை இயக்குக. உலர்ந்த பேரிங்கில் ஓடும் சில நொடிகளே பெருங்கேடு செய்யும்.

ஓட்டுநர் அன்பர்களுக்கு ஒரு சொல். முள் விழுந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். சரக்கு ஒரு நாள் தாமதமானால் பேச்சுக் கேட்க நேரும். எஞ்சின் இறுகிப்போனாலோ, ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுவிடும்.