வால்சிறகு வைத்த கார்களும் வாய்நிறைந்த விளம்பரங்களும்

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் பழையசீவரத்தை அடைந்து, பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் ஊருக்கு இந்தப் பெயர். இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு மாலை நான் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் தெருவில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து ஒரு கேள்வி கேட்டான்.

"சார், எங்க அப்பா புது வண்டி வாங்கினாரே, அது லிட்டருக்கு 70 கிலோமீட்டர் ஓடும்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க. 50-தான் ஓடுது. கம்பெனிக்காரங்க பொய் சொல்லிட்டாங்களா?"

அவனுடைய தந்தை பட்டு நெசவாளர். பாவும் சரிகையும் வாங்கி வரவும், நெய்த சேலையைக் கொண்டு போய்க் கொடுக்கவும் கடன் வாங்கி ஓர் இரு சக்கர வண்டி வாங்கியிருந்தார். நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதத்துக்கு 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 70 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 13 லிட்டர் பெட்ரோல் போதும். 50 கிலோமீட்டர்தான் ஓடுமென்றால் 18 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 500 ரூபாய் கூடுதல் செலவு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையா?

"பொய்யா, மெய்யா என்று உடனே சொல்லிவிட முடியாது, தம்பி. முதலில் விளம்பரங்களின் கதையைக் கொஞ்சம் கேள்" என்றேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எஞ்சினைப் பற்றிப் பேசாத விளம்பரம்

கார் விளம்பரங்களில் வானளாவப் புகழ்வதற்குப் பேர்பெற்ற நாடு அமெரிக்கா. 1923-ஆம் ஆண்டில் ஜோர்டான் என்னும் கம்பெனி தன் 'பிளேபாய்' காருக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டது. குதிரை வீரன் ஒருவனோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு பெண் காரை விரட்டிச் செல்வதுபோல் படம். அதன் கீழே மேற்குத் திசைச் சமவெளியையும் அவளுடைய துணிச்சலையும் பற்றிக் கவிதைபோன்ற சில வரிகள். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், பெட்ரோல் எவ்வளவு செலவாகும் என்ற பேச்சே இல்லை! விளம்பரக் கலையின் வரலாற்றில் இன்றும் அது ஒரு மைல்கல்லாகப் பேசப்படுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வழக்கம் உச்சத்தை எட்டியது. ஏன் தெரியுமா? பெரிய கம்பெனிகளின் கார்களுக்குள் அடிப்படை வேறுபாடுகள் குறைவாக இருந்தன. ஆண்டுதோறும் 'புதிய மாடல்' என்று கொண்டுவந்தாக வேண்டும். ஆனால் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் ஆண்டுதோறும் புதிதாக வடிவமைக்க முடியுமா? எனவே வெளித்தோற்றம் மாறியது, சொற்கள் பெருகின. தானியங்கி கியர்ப்பெட்டிக்கு ஒரு கம்பெனி 'டைனாஃப்ளோ' என்று பெயரிட்டது. மற்றொன்று 'டார்க்ஃப்ளைட்' என்றது. கேட்டால் பெளதிகப் பாடப்புத்தகத்தைத் திறந்ததுபோல் இருக்கிறதல்லவா?

படங்களும் பின்தங்கவில்லை. பான்டியாக் கம்பெனி 1959-இல் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைச் சுமார் 5 அங்குலம் கூட்டியது. அடித்தளம் அகன்றால் வளைவுகளில் வண்டி நிலையாக நிற்கும் என்பது உண்மையே. ஆனால் விளம்பரத்துக்குப் படம் தீட்டிய ஃபிட்ஸ்பாட்ரிக், காஃப்மன் என்னும் ஓவியர் இருவரும் அந்தக் காரை உள்ளதைவிடவும் அகலமாகத் தீட்டிக் காட்டினார்கள். மெய்யாகவே கிடைத்த 5 அங்குலம் அவர்களுக்குப் போதவில்லை போலும்!

வால்சிறகு வேலை செய்ததா?

அக்காலக் கார்களின் பின்புறத்தில் மீன் துடுப்பைப்போல இரண்டு சிறகுகள் எழுந்து நிற்பதைப் பழைய படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். பி-38 என்னும் இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்து, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1948-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் முதலில் சிறிதாக வைத்தது. ஆண்டுதோறும் வளர்ந்து, 1959-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் அது உச்ச உயரத்தை எட்டியது.

கிரைஸ்லர் கம்பெனியோ இதற்கு ஒரு விஞ்ஞானக் காரணமே சொன்னது. பலத்த பக்கக் காற்று வீசும்போது ஸ்டியரிங்கைத் திருத்திப் பிடிக்க வேண்டிய தேவை இச்சிறகுகளால் 20 சதவீதம் வரை குறைகிறதாம்!

இது முழுப் பொய்யா? இல்லை. அம்பின் வாலில் இறகு கட்டுவது எதற்காக? காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் வால் பின்னாலேயே நின்று, முனை நேராகப் பாய்வதற்காக. அதே தத்துவம் காருக்கும் பொருந்தும். ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் விசை, 50 கிலோமீட்டர் வேகத்தில் பாதியன்று, கால் பங்குதான். கடைத்தெருவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பதினாறில் ஒரு பங்கு! கடைத்தெருவில் அந்தச் சிறகு வெறும் அலங்காரம்தான். 1960-களின் நடுவில் சிறகுகள் அடியோடு மறைந்துபோயின. காருக்கு இன்றியமையாத உறுப்பாக இருந்திருந்தால் மறைந்திருக்குமா?

சொல்லும் பொருளும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு மற்றோர் உதாரணம். 1957-ஆம் ஆண்டுப் பிளிமத் காரை, 1960-ஆம் ஆண்டே திடீரென்று வந்துவிட்டதென்ற பொருளில் விளம்பரப்படுத்தினார்கள். மூன்றாண்டு முன்னதாகவே எதிர்காலம் வந்துவிட்டதாம்! அவசரமாகத் தயாரித்துச் சந்தைக்கு அனுப்பப்பட்ட அந்த ஆண்டுக் கார்கள் பலவற்றில் மழைநீர் கசிந்தது. உடற்பகுதி சீக்கிரமே துருப்பிடித்தது.

365 எப்படி 235 ஆயிற்று?

"எண்ணைச் சொன்னால் நம்பலாமே, சார்?" என்றான் மாணவன். அங்கேதான் நாம் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும்.

1971-ஆம் ஆண்டுக் காடிலாக் எல்டொராடோ காரின் 8.2 லிட்டர் எஞ்சினுக்கு 365 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு, ஏறக்குறைய அதே எஞ்சினுக்கு 235 குதிரைத்திறன்! ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறன் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. அளக்கும் முறைதான் மாறியது. அதற்கு முன்பு எஞ்சினைத் தனியே கழற்றி, சோதனை மேடையில் ஏற்றி அளந்தார்கள். காற்று வடிகட்டி, புகைக்குழாயின் ஒலியடக்கி, மின்னாக்கி போன்ற சுமைகள் அதில் இல்லை. அப்படிக் கிடைப்பது மொத்தத் திறன். வண்டியில் பொருத்தும்போது இருக்கும் எல்லாத் துணைக் கருவிகளோடும் அளந்தால் கிடைப்பது நிகரத் திறன். 1972-லிருந்து அமெரிக்கக் கம்பெனிகள் நிகரத் திறனையே வெளியிடலாயின. 365-ம் பொய்யன்று, 235-ம் பொய்யன்று. ஆனால் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பயன்படுவது இரண்டாவது எண்தான்.

நம் நாட்டுக் கதை

அமெரிக்கக் கார்கள் நம் நாட்டுக்கும் புதியவை அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. 1944-இல் தொடங்கப்பட்ட பிரீமியர் கம்பெனி, கிரைஸ்லரின் டாட்ஜ், பிளிமத் கார்களை இங்கே பூட்டியது. நம் சென்னையிலேயே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாராயிற்று. ஆனால் கட்டுப்பாடுகள் மிகுந்திருந்த அந்த நாட்களில் பணம் கட்டிவிட்டுக் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனிடம் வருணனை எதற்கு?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1990-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல வந்தன. நமக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. போட்டி வந்தவுடன் விளம்பரமும் பெருகியது. ஆனால் நம் நாட்டு வாடிக்கையாளர் முதலில் கேட்பது "எவ்வளவு ஓடும்?" என்றுதான். அமெரிக்காவில் குதிரைத்திறனுக்கு இருந்த இடத்தை இங்கே 'மைலேஜ்' பிடித்துக்கொண்டது.

இந்த மைலேஜை எப்படி அளக்கிறார்கள்? நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து பயன்பட்டுவந்த சோதனை முறையில், கார் சாலையில் ஓடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் நின்ற இடத்திலேயே சக்கரங்கள் சுழல்கின்றன. 1180 வினாடிகளுக்கு, வகுத்த திட்டப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவார்கள். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் இயங்காது. புகையில் வெளிவரும் கார்பனை அளந்து, செலவான எரிபொருளைக் கணக்கிடுகிறார்கள். எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுத்து ஒப்பிட இது நல்ல முறை. ஆனால் அந்த உருளைமேல் மேடு பள்ளம் இல்லை. எதிரே மாடும் வராது! விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'நிர்ணயித்த சோதனை நிலைகளில்' என்று அச்சிட்டிருப்பது இதனால்தான்.

நாங்கள் அளந்த கதை

இனி நெசவாளரின் வண்டிக்கு வருவோம். வண்டியும் ஆளும் சுமையும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 11 மீட்டர். இயக்க ஆற்றல், நீங்கள் படித்த வாய்பாட்டின்படி, ½ × 200 × 11 × 11 = 12,100 ஜூல். பிரேக் போட்டு நிறுத்தினால் இவ்வளவும் வெப்பமாகப் போய்விடும். மீண்டும் அதே வேகத்தை எட்ட இதைப் பெட்ரோல்தான் தர வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், ஒரு முறை நிறுத்திப் புறப்பட ஏறக்குறைய 2 மில்லிலிட்டர் செலவு.

அற்பம் என்று எண்ணாதீர்கள்! 30 கிலோமீட்டரில் 50 முறை நிறுத்தினால் 100 மில்லிலிட்டர். நிறுத்தாமல் லிட்டருக்கு 70 கிலோமீட்டர் வீதம் போனால் மொத்தச் செலவே 430 மில்லிலிட்டர்தான். இப்போது 530 ஆகிவிட்டது. லிட்டருக்கு 70 என்பது 57 ஆக இறங்கிவிட்டது. மோசமான சாலையும் எதிர்காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மாணவனிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். டாங்கை விளிம்புவரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுமார் 3 லிட்டர் செலவானபின் அதே பங்கில், அதே அளவுக்கு மறுபடியும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை ஊற்றிய பெட்ரோலால் வகுத்தால் விடை. ஒரு லிட்டருக்கே கணக்குப் பார்த்தால் என்ன? நிரப்புவதில் 200 மில்லிலிட்டர் முன்பின் ஆனால் பிழை 20 சதவீதம். 3 லிட்டருக்குப் பார்த்தால் 7 சதவீதத்துக்குள் அடங்கும். பல முறை செய்து சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

மூன்று முறை அளந்தான், சராசரி 50. பிறகு சக்கரங்களைப் பார்த்தோம். காற்று மிகக் குறைவாக இருந்தது. வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு அடித்து மறுபடி மூன்று முறை அளந்தான். 54 வந்தது! மாதத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம். 70 வரவில்லை, அவர் ஓட்டும் சாலையில் வரவும் வராது. இதை வாங்குமுன் அறிந்திருந்தால் கடன் தவணையோடு பெட்ரோல் செலவையும் சரியாகக் கணக்கிட்டிருப்பார்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்த்து வாங்குறவன் நான். வண்டிக்கு மட்டும் படத்தைப் பார்த்து ஏமாந்துட்டேனே, சார்!"

பொய் விளம்பரத்தைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் 'இணையற்றது', 'ஈடில்லாதது' என்பவற்றை எந்தத் தராசில் நிறுப்பது? எனவே விளம்பரத்தைக் கண்டால் நீங்களே கேளுங்கள்: இதை அளக்க முடியுமா? எப்படி அளந்தார்கள்? எந்த நிலைமையில் அளந்தார்கள்?

அன்று மாலை நாங்கள் பேசிய கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் ஆண்ட காலம் 1063 முதல் 1070 வரை. தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி, அரசனின் வீரத்தையும் சாளுக்கியரை வென்றதையும் வாயார வருணிக்கிறது. சோழரை வென்றதாகச் சாளுக்கியரின் கல்வெட்டுகளும் சொல்லிக்கொள்கின்றன! ஆனால் கீழே வர வர நடை மாறிவிடுகிறது. இங்கே நடந்த ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனையில் 15 படுக்கைகள்; ஒரு மருத்துவர்; அறுவை செய்வோர் ஒருவர்; நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி; இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். வேண்டுமானால் வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள்.

மாணவனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். இப்போது அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, மீட்டர் எண், ஊற்றிய பெட்ரோல், சக்கரத்தின் காற்றழுத்தம் ஆகிய நான்கையும் தவறாமல் குறித்து வருகிறான். உங்கள் வீட்டு வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டுப் பாருங்களேன்!