ஐந்து சுற்றுக் காயிலும் 102.5-உம்

கையால் கற்கும் மின்னணுவியல் – 9

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ போய் எஃப்.எம். ரேடியோ கிட் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் இரண்டு வகையில் ஒன்றை எடுத்து வைப்பார். ஒரு வகையில் ‘ஸ்கேன்’, ‘ரீசெட்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் ரேடியோ தானாகவே ஸ்டேஷனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மற்ற வகையில் திருகித் திருகி ஸ்டேஷன் பிடிக்கும் கேங் கண்டென்சரும், செம்புக் கம்பியில் சுற்றிய சின்னஞ்சிறு காயில்களும் இருக்கும். முதல் வகையைச் சேர்ப்பது சுலபம், சீக்கிரம் பாடவும் செய்யும். ஆனால் கற்றுக்கொள்வதற்காக ரேடியோ கட்டப்போகிற தருமபுரி மாணவர் வாங்க வேண்டியது இரண்டாவது வகையைத்தான். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

தருமபுரிக் காற்றில் என்ன வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அகில இந்திய வானொலியின் தருமபுரி பண்பலை 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதாவது ஒரு நொடிக்கு 10 கோடியே 25 லட்சம் அதிர்வுகள். அந்த அலையின் நீளம் சுமார் 2.93 மீட்டர். அதில் கால் பங்கு 73 செ.மீ. கிட்டோடு வரும் குட்டை ஏரியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, 73 செ.மீ. நீளத்துக்கு ஒரு சாதாரண வயரை வெட்டி நிமிர்த்திக் கட்டினால், மலிவான கிட்டுக்கும் காது நன்றாகவே கேட்கும்.

வடக்கே பெங்களூரில் அகில இந்திய வானொலிக்கே இரண்டு பண்பலைகள் உண்டு. ரெயின்போ 101.3-இல், விவித் பாரதி 102.9-இல். தனியார் நிலையங்கள் வேறு. 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த ஓசூரை நெருங்க நெருங்க, பெங்களூரு நிலையங்களின் கை ஓங்கும். 102.5-க்கும் 102.9-க்கும் இடைவெளி 0.4 மெகாஹெர்ட்ஸ்தான். ஏரியலுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் வந்து சேரும். வேண்டியதை மட்டும் பிரித்து எடுப்பது ரேடியோவின் வேலை. அந்த வேலையின் பெரும்பகுதி, விரல்நுனியில் அடங்கும் ஒரு காயிலில் தொடங்குகிறது.

காயிலும் கண்டென்சரும் சேர்ந்தால் அவற்றுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் வந்துவிடும். 22 பிகோபாரட் கண்டென்சரோடு சேர்ந்து 102.5-இல் ஒத்ததிர வேண்டுமானால் காயிலின் மதிப்பு சுமார் 0.11 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும். 6 மி.மீ. விட்டத்தில், 5 மி.மீ. நீளத்துக்குள் ஐந்து சுற்று சுற்றினால் ஏறக்குறைய அந்த மதிப்பு வந்துவிடுகிறது. கம்பிக்கு அலைய வேண்டியதில்லை. போர்வெல் மோட்டார்களை நம்பி விவசாயம் நடக்கும் மாவட்டம் இது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை பக்கத்திலேயே இருக்கும். அங்கே மிச்சம் விழுகிற 22 கேஜ் எனாமல் கம்பியில் ஒரு முழம் கேட்டு வாங்கினால் இரண்டு காயிலுக்குப் போதும். முனைகளில் எனாமலைப் பிளேடால் சுரண்டிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். சுரண்டாத முனையில் ஈயம் பிடித்தது போலக் கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் மட்டும் போகாது. பாடாத கிட்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இனிதான் விஷயமே இருக்கிறது. அந்த ஐந்து சுற்றுகளை நகத்தால் மெல்ல அகட்டி, 5 மி.மீ. நீளத்தை 6 மி.மீ. ஆக்கினால் என்ன நடக்கும்? காயிலின் மதிப்பு குறைந்து, ஒத்ததிர்வு சுமார் 6 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும். இந்தியாவில் பண்பலைக்கு ஒதுக்கிய இடம் 87.5 முதல் 108 வரை, மொத்தமே 20.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர் அகட்டலில் அதில் கால் பங்குக்கு மேல் தாண்டியாகிவிட்டது! சுற்றுகளை நெருக்கினால் அதே போலக் கீழே இறங்கும். இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஸ்டேஷன் நகர்ந்துவிடும் என்பதால் இந்த வேலைக்குத் தென்னை ஈர்க்கோ பிளாஸ்டிக் குச்சியோதான் ஏற்றது. பாடப் புத்தகத்தில் ஒரு வர்க்கமூலச் சூத்திரமாக மட்டும் படித்த ஒத்ததிர்வு, இங்கே விரலுக்கும் காதுக்கும் நடுவில் நடக்கிறது. ஸ்கேன் பொத்தான் உள்ள கிட்டில் இதே வேலையை ஒரு டயோடு மின்னழுத்தத்தைக் கொண்டு சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. கேட்பவருக்கு அது வசதி. கற்பவருக்கு அது பூட்டிய கதவு.

ஸ்டேஷனைப் பிரித்தாகிவிட்டது. அதிலிருந்து பேச்சும் பாட்டும் எப்படி வெளியே வருகின்றன?

மத்திய அலையில் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸையோ பெங்களூரு 612-ஐயோ கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கோடை மழைக்கால ரேடியோ நினைவிருக்கும். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு ‘கொர்’. மிக்சி ஓடினால் ஓயாத கரகரப்பு. அங்கே ஒலி, அலையின் பலத்தில் ஏற்றப்படுகிறது. மின்னலும் மோட்டாரும் அதே பலத்தில்தான் கைவைக்கின்றன. பண்பலையில் அலையின் பலம் மாறுவதில்லை. நாதஸ்வரக்காரர் ஊதும் பலத்தை மாற்றாமல் ஸ்வரத்தை மட்டும் அசைத்துக் கமகம் கொடுப்பது போல, அலையின் அதிர்வெண் மட்டும் மேலும் கீழும் அசைகிறது. உரத்த ஒலிக்கு அகலமான அசைவு, மெல்லிய ஒலிக்குச் சிறிய அசைவு. உச்சபட்சமாக இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசையலாம். வாங்கும் கருவி, அலையின் உச்சிகளை முதலில் ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறது. மின்னல் ஏறி உட்கார்ந்த இடம் அந்த உச்சிதான் என்பதால் அதன் பெரும்பகுதி அங்கேயே ஒழிந்துபோகும்.

இதைக் கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். அதிர்வெண்ணை அசைத்து ஒலிபரப்புவதால் லாபமில்லை என்று ஜான் கார்சன் என்ற பொறியாளர் 1922-இலேயே கணிதம் போட்டுக் காட்டியிருந்தார். அலை பிடிக்கும் இடத்தைக் குறுக்கினால்தான் இரைச்சல் குறையும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. ஆம்ஸ்ட்ராங் நேர் எதிராக, அசைவைத் தாராளமாக அகட்டினார். 1933 டிசம்பர் 26-இல் அதற்கான காப்புரிமைகள் கிடைத்தன. 1935 நவம்பர் 5-ஆம் தேதி நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அரங்கில், டம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் ரேடியோவில் அப்படியே கேட்டன. அதன்பின் வந்த காப்புரிமை வழக்குகள் அவரை உருக்கிவிட்டன. 1954-இல் அவர் இறந்த பிறகு, மனைவி மேரியன்தான் விடாமல் வழக்காடி 1967 வரை ஒவ்வொன்றாக வென்றார். இந்தியாவுக்குப் பண்பலை வந்தது அதற்கும் பத்தாண்டு கழித்து. 1977 ஜூலை 23 அன்று, சென்னையில்தான் முதலில்.

ஆம்ஸ்ட்ராங்கின் இன்னொரு யோசனையும் ஏறக்குறைய எல்லா ரேடியோவுக்குள்ளும் இருக்கிறது. வரும் அலையோடு, கருவிக்குள்ளேயே உண்டாக்கிய ஓர் அலையைக் கலந்தால் இரண்டுக்குமான வித்தியாச அதிர்வெண் பிறக்கும். 102.5-ஓடு 113.2-ஐக் கலந்தால் 10.7 மெகாஹெர்ட்ஸ். கடைகளில் விற்ற பண்பலை ரேடியோக்கள் நெடுங்காலம் இந்த 10.7-ஐத்தான் நம்பியிருந்தன. அந்த இடத்தில் 280 கிலோஹெர்ட்ஸ் அகலம் மட்டும் விடும் பீங்கான் வடிகட்டி ஒன்று இருக்கும். 400 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் பெங்களூரு விவித் பாரதி அங்கேதான் தடுக்கப்படுகிறது. இந்த வகை ரேடியோவை வீட்டில் கட்டுவதில் தொல்லை என்னவென்றால், உள்ளே இருக்கும் பல காயில்களையும் ஒன்றுக்கொன்று இசைய ஒழுங்குபடுத்தியாக வேண்டும்.

அந்தத் தொல்லையை நீக்கியது பிலிப்ஸ் நிறுவனம். ஹாலந்தின் ஐந்தோவன் நகரில் டீட்டர் காஸ்பர்கோவிட்ஸும் அவருடைய சகாக்களும் உழைத்து உருவாக்கிய டிடிஏ7000 ஐசி, 1983-இல் சந்தைக்கு வந்தது. 10.7 மெகாஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் வெறும் 70 கிலோஹெர்ட்ஸை வைத்தார்கள். அவ்வளவு தாழ்வான அதிர்வெண்ணுக்கு வடிகட்டியை ஐசிக்குள்ளேயே செய்துவிடலாம். வடிகட்டிக்கென்று வெளியே காயில் வேண்டாம். சிக்கல் ஒன்று வந்தது: 70-ஐ நடுவில் வைத்து இருபுறமும் 75 அசைந்தால் அலை பூஜ்யத்துக்குக் கீழே போய் ஒலி சிதைந்துவிடும். அதனால் உள்ளே பிறக்கும் அலையையும் கூடவே அசையவைத்து, 75-ஐ 15 ஆகச் சுருக்கிவிட்டார்கள். என்ன ஒரு துணிச்சல்! கடைசியில் 18 கால் ஐசி ஒன்று, கண்டென்சர்கள் சில, காயில் இரண்டே இரண்டு. உள்ளே பிறக்கும் அலை ஸ்டேஷனுக்கு வெறும் 0.07 மெகாஹெர்ட்ஸ் தூரத்தில் இருப்பதால், இரண்டு காயிலையும் ஏறக்குறைய ஒரே அளவில் சுற்றிக்கொள்ளலாம்.

இந்த ஐசியில் மனதைத் தொடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டேஷன் சரியாக விழாத இடத்தில் ஐசி ஒலியை அடைத்துவிடும். ஒரேயடியாக அமைதியாகிவிட்டால் ரேடியோ கெட்டுவிட்டது என்று கேட்பவர் நினைப்பாரே? அதற்காக உள்ளேயே ஒரு செயற்கை இரைச்சலை வைத்திருக்கிறார்கள். கிட் கட்டுபவருக்கு இது பெரிய உதவி. ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் பேட்டரி, ஐசி, ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன. பார்க்க வேண்டியது காயில்களையும் ஏரியலையும். அதுவும் கேட்கவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து மின்சாரம் வரும் வழியைத் தேட வேண்டும். டிடிஏ7000 இப்போது பழைய சரக்காகவும் நகலாகவுமே கிடைக்கிறது, கிடைத்தால் விடக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் சில ஊர்களில் 102.5 இழுத்து இழுத்துத்தான் வரும். குற்றம் கிட்டில் இல்லை. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சமதரையில் 100 மீட்டர் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை, 5 மீட்டர் உயர மாடியில் நிற்கும் ஏரியலை 50 கி.மீ. வரை பார்க்கும். நடுவில் மலை நின்றால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். வத்தல்மலை, சித்தேரி என்று மலைகள் எழுந்து நிற்கும் மாவட்டத்தில், மலை மறைவில் இருக்கும் வீட்டுக்கு ஏரியல் உயரம்தான் மருந்து. மலை மேலேயே நிலையம் இருந்தால் நிலைமை தலைகீழ். கொடைக்கானல் பண்பலை 100.5 தென்மாவட்டங்களில் அத்தனை தூரம் கேட்பது அதனால்தான்.

கிட் விற்கும் அதே கடைகளில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கிட்டும் தொங்கும். ஒலியைக் கேட்கும் கருவி வேறு, உரிமமின்றி ஒலிபரப்புவது வேறு. பீகாரின் மன்சூர்பூரில் ராகவ் மகதோ என்ற இளைஞர், சொற்பச் செலவில் தானே செய்த டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தன் கிராமத்துக்கே வானொலி நடத்தினார். ஊர் கொண்டாடியது. ஆனாலும் 2006-இல் உரிமம் இல்லை என்று அரசு அதை மூடிவிட்டது. சட்டப்படி சமுதாய வானொலி நடத்த வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 முதல் 90.4-இல் நடத்திவருகிறது.

தருமபுரி மாணவரின் மேசைக்குத் திரும்பலாம். கேங் கண்டென்சரை நடுவில் நிறுத்தி, காயிலை ஈர்க்கால் அகட்டியும் நெருக்கியும் 102.5 தெளிவாக விழும் இடத்தைப் பிடித்துவிட்டால், உருகிய மெழுகை இரண்டு சொட்டு விட்டு அதை அசையாமல் செய்துவிட வேண்டும். இந்த நிலையில் ஐசியிலிருந்து வெளிவரும் ஒலி சுமார் 75 மில்லிவோல்ட்தான். ஸ்பீக்கரை அசைக்க அது போதாது. அதைப் பெரிதாக்க எல்எம்386 என்ற எட்டுக் கால் ஐசி அடுத்த வாரம் வருகிறது. அப்படியே விட்டால் ஒலியை 20 மடங்கும், 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோபாரட் கண்டென்சர் வைத்தால் 200 மடங்கும் பெருக்கும். கடைக்குப் போகிறவர்கள் அதையும் ஓர் 8 ஓம் ஸ்பீக்கரையும் சேர்த்தே வாங்கிவிடலாம்.