பூங்கா பக்கம் திரும்பிய கலைக்கூடம்

2015 பிப்ரவரியில் ஓர் இரவு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், விட்வொர்த் பூங்காவில், குளிரைப் பொருட்படுத்தாமல் கூட்டம் திரண்டிருந்தது. கோஸ்ட்யா நோவோசெலோவ் என்ற இயற்பியலாளர் ஒரு சிறு கருவியின் மேல் ஊதினார். மூச்சின் ஈரம் பட்டதுதான் தாமதம், வானில் வாணங்கள் சீறிக் கிளம்பின. அவற்றில் விண்கல் துகள் கலந்திருந்தது. மூச்சை உணர்ந்த அந்தக் கருவி, கிராஃபைட்டிலிருந்து பிரித்தெடுக்கும் கிராஃபீனால் ஆனது. கிராஃபீனுக்கு வேண்டிய கிராஃபைட்? பூங்காவை ஒட்டிய விட்வொர்த் கலைக்கூடத்தில் இருக்கும் வில்லியம் பிளேக்கின் பென்சில் ஓவியம் ஒன்றிலிருந்து துளியூண்டு சுரண்டி எடுத்தது.

ஓவியத்தின் மேல் விரல் பட்டாலே பதறுகிறவர்கள் காப்பாட்சியர்கள். அவர்களே சுரண்ட அனுமதித்தார்கள் என்றால் காரணம் இருக்க வேண்டும். இந்த யோசனை சிற்பி கார்னேலியா பார்க்கருடையது. நோவோசெலோவோ கிராஃபீன் ஆய்வுக்காக 2010இல் ஆந்த்ரே கெய்முடன் நோபல் பரிசு பெற்றவர், அப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். கலைக்கூடமும் அதே பல்கலைக்கழகத்துடையதுதான். ஆய்வகமும் ஓவியமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதால்தான் இப்படிப்பட்ட கூத்தெல்லாம் நடக்கிறது.

மான்செஸ்டர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பஞ்சாலை. கோயம்புத்தூருக்கு அந்தப் பெயரையே பட்டமாகச் சூட்டியிருக்கிறோம். அந்த ஆலை நகரத்தில் இயந்திரங்கள் செய்து பெரும் பணம் சேர்த்தவர் ஜோசப் விட்வொர்த். திருகாணியின் புரிக்கு முதன்முதலில் ஒரு பொது அளவு வகுத்தவர் அவர். அவர் விட்டுச்சென்ற செல்வத்தில், அவர் நினைவாக, நகரத்து மக்களுக்கென்று 1889இல் பூங்காவோடு சேர்த்து நிறுவப்பட்டது இந்தக் கலைக்கூடம். துணி வகைகளும் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள்களும் இதன் தனிச்சிறப்பு. 1958இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது.

மக்களுக்கென்று கட்டினாலும் மக்கள் வர வேண்டுமே! ஒரு பக்கம் மாணவர்கள் நடமாடும் ஆக்ஸ்போர்ட் சாலை. மறுபக்கம் தெற்காசிய உணவகங்கள் வரிசைகட்டிய ரஷோம், உழைக்கும் மக்கள் வாழும் மாஸ் சைடு. சாலைப் பக்கம் முகப்பும், பூங்காப் பக்கம் முதுகுமாக நின்றது கட்டடம். பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியிருக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே தெரிவித்தது ஒரு திருட்டு. 2003 ஏப்ரலில் வான்கோ, பிக்காசோ, கோகன் ஆகியோரின் ஓவியங்கள் மூன்று காணாமல் போயின. விரைவிலேயே அக்கம்பக்கத்துப் பொதுக் கழிப்பறை ஒன்றின் அருகே, அட்டைக் குழாய்க்குள் சுருட்டப்பட்டுக் கிடைத்தன. கூடவே ஒரு சீட்டு: திருடுவது நோக்கமல்ல, காவல் எவ்வளவு மோசம் என்று காட்டத்தான் எடுத்தோம் என்கிற பொருளில்!

ஒன்றரைக் கோடி பவுண்டு செலவில் 2015இல் முடிந்த விரிவாக்கம், பூங்காவுக்குக் காட்டிய அந்த முதுகைத் திருப்பியது. மூமா என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில், இரண்டு சிறகுகள் பூங்காவுக்குள் நீண்டன. மரங்களுக்கிடையே கண்ணாடிச் சுவர் வைத்த காபிக்கடை, பக்கத்தில் தோட்டம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாயோடு நடக்க வந்தவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கலாம், காபி குடித்துவிட்டுப் படமே பார்க்காமலும் போகலாம்.

திறப்பையொட்டிய கண்காட்சியில் பார்க்கர் ஓர் அறை முழுவதையும் சிவப்புக் காகிதத்தால் கூடாரம் போலப் போர்த்தியிருந்தார். போரில் இறந்தவர்களின் நினைவாக பிரிட்டன் மக்கள் நவம்பரில் சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதப் பாப்பிப் பூவை வெட்டி எடுத்த பிறகு ஆலையில் மிஞ்சும் தாள் அது. தாள் நெடுகப் பூ வடிவத்தில் ஓட்டைகள். பூவைக் காணோம், பூ இருந்த இடம் மட்டும் இருக்கிறது. விளக்கப் பலகை படிக்காதவருக்கும் புரிகிற கலை.

ஆனால் கதவைத் திறந்து வைப்பது ஒன்று. வருகிறவரிடம் வேலையைக் கொடுப்பது வேறொன்று. விட்வொர்த்தின் உண்மையான சாதனை இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. முதியோருக்கான கலை நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் பெண்களே வருகிறார்கள், வயதான ஆண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதை அதன் ஊழியர்கள் கவனித்தார்கள். ஆண்களைத் தேடிப் போனார்கள். சேகரிப்பிலிருந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி அமைக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். முதிய ஆண்களைக் கலைக்கு அழைத்துவருவது எப்படி என்று 2015இல் ஒரு கையேடே போட்டார்கள்.

2021இல் தொடங்கிய ‘ஸ்டில் பேரன்ட்ஸ்’ கண்காட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. கருவிலோ பிறந்த சிறிது காலத்திலோ குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர், ‘சாண்ட்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, பயிற்சிப் பட்டறைகளில் கூடினார்கள். கைவேலை செய்தபடியே பேசினார்கள். ‘சரி, அடுத்தது பிறக்கும்’ என்று சொந்தபந்தம் ஆறுதல் சொல்லி மூடிவிடும் பேச்சு அது. அவர்கள் செய்தவையும் கலைக்கூடத்தின் சேகரிப்பும் ஒரே கூரையின் கீழ் பார்வைக்கு வந்தன. இதைச் சமூகசேவைக் கணக்கில் எழுதி ஒதுக்கிவிட்டால் தவறு; கண்காட்சியாகவே இது கனமானது.

பல்கலைக்கழகத்தோடு இருப்பதில் தொல்லையும் உண்டு. அதே 2021இல், காற்றை ஆயுதமாக்கும் வன்முறையைப் பற்றி ‘ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர்’ என்ற ஆய்வுக் குழு இங்கே நடத்திய கண்காட்சியில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவான அறிக்கை ஒன்று இடம்பெற்றது. யூத அமைப்புகள் ஆட்சேபித்தன, அறிக்கை அகற்றப்பட்டது. அப்படியானால் கண்காட்சியையே மூடுங்கள் என்றது குழு. கொஞ்ச காலம் மூடப்பட்டு, அறிக்கையோடு மறுபடியும் திறந்தது. எதிர்த்தரப்பு சொல்வதற்கும் இடம் ஒதுக்கப்பட்டது. இதையடுத்து கலைக்கூடத்தின் இயக்குநரைப் பதவி விலகும்படி பல்கலைக்கழகம் கேட்டதாக 2022 தொடக்கத்தில் பத்திரிகைகள் எழுதின. அவரை ஆதரித்துக் கலை உலகத்தினர் குரல் கொடுத்தார்கள்.