பாடம் தெரியும்... பாடம் நடத்த யார் சொல்லித் தருவது? கல்லூரி உயிரியல் ஆசிரியர்களின் சொல்லப்படாத சிக்கல்!

ஜூன் மாதம். கல்லூரி திறந்த முதல் வாரம். விலங்கியல் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரின் கையில் டைம் டேபிளும் லேப் சாவியும் வருகின்றன. "செகண்ட் இயர் பிராக்டிக்கல் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார் துறைத் தலைவர். புதியவரோ ஐந்து வருடம் ஒரே ஒரு புரதத்தை ஆராய்ந்து பிஹெச்.டி. முடித்தவர். நாளைக் காலை நாற்பது மாணவர்கள் முன்னால் அவர் நடத்த வேண்டியது மண்புழுவின் உடலமைப்பு. கடைசியாக அதைப் படித்தது எப்போது என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

யாரிடம் கேட்பது? கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று நினைத்துவிடுவார்களோ?

எந்த ஊர்க் கல்லூரியிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. தாவரவியல், நுண்ணுயிரியல், பயோடெக்னாலஜி என எந்தத் துறைக்கும் பொருந்தும்.

பி.எட். இல்லாத வகுப்பறை

பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வேண்டுமென்றால் பி.எட். போன்ற ஆசிரியர் படிப்பை முடித்திருக்க வேண்டும். அதில் பாடம் நடத்திக் காட்டும் பயிற்சியும் உண்டு. கல்லூரி ஆசிரியருக்கு அப்படி ஒரு படிப்பு கட்டாயமில்லை. முதுகலைப் பட்டத்தோடு நெட், செட் தேர்வில் தேர்ச்சி அல்லது பிஹெச்.டி. இருந்தால் போதும். உயிர் அறிவியல் துறையினர் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு, பாட அறிவைத்தான் முக்கியமாகச் சோதிக்கிறது. தூங்கி வழியும் மதிய வகுப்பில் செல் பிரிதலைப் புரியவைப்பது எப்படி என்று அது கேட்பதில்லை.

ஆக, ஒருவர் ஆராய்ச்சியாளராகக் கல்லூரிக்குள் நுழைகிறார். ஆசிரியராக மாறுவது அவரவர் பாடு!

தவளை போன பிறகு...

மற்ற துறைகளில் இல்லாத ஒரு சிக்கலும் உயிரியலில் உண்டு. இன்றைய மூத்த பேராசிரியர்கள் பலரும் தவளையை அறுத்துப் பார்த்துப் படித்தவர்கள். விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க 2011-ல் வழிகாட்டிய பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.), 2014-ல் அதை அடியோடு நிறுத்தச் சொன்னது. விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் நல்ல முடிவு. ஆனால், அந்த மூன்று மணி நேர பிராக்டிக்கலில் இனி என்ன செய்வது என்ற கேள்வி ஆசிரியரின் தலையில் விழுந்தது.

சார்ட்டைக் காட்டிப் படம் வரையச் சொல்வது சுலபமான வழி. மாணவர்களுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன. கனிந்த வாழைப்பழத்தை ஒரு பாட்டிலில் திறந்து வைத்தால் சில நாள்களில் பழ ஈக்கள் தேடி வரும். முட்டையிலிருந்து முழு ஈயாக மாற, 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 10 நாள்கள்தான். செலவில்லாமல் ஒரு வாழ்க்கைச் சுழற்சியையே கண்ணால் பார்க்கலாம். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் 'கியூப்' திட்டம், இப்படி எளிய உயிரினங்களை வைத்தே மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஆராய்ச்சி செய்யவைக்கிறது. மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' தளத்தில் உயிரியல் சோதனைகளைக் கணினியிலேயே செய்து பார்க்கலாம்.

இதெல்லாம் இருப்பதை புதியவருக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

பதவி உயர்வு எனும் பரமபதம்

வகுப்பறைக்கு வெளியே இன்னொரு குழப்பம், பதவி உயர்வு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் முதல் படி ஏற பிஹெச்.டி. இருந்தால் 4 ஆண்டுகள், எம்.ஃபில். இருந்தால் 5, இரண்டும் இல்லையென்றால் 6 ஆண்டுகள் பணி முடித்திருக்க வேண்டும். வருடங்கள் ஓடினால் மட்டும் போதாது. 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சி, அதோடு புத்தாக்கப் பயிற்சி அல்லது அதற்கு ஈடான வேறொன்றை முடித்த சான்றிதழ் வேண்டும். இணைப் பேராசிரியராக வேண்டுமானால் பிஹெச்.டி. கட்டாயம். பேராசிரியராக ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும்.

முதல் வருடமே இதைச் சொல்ல ஆள் இருந்தால், விடுமுறையில் ஒவ்வொன்றாக முடித்துவிடலாம். இல்லையென்றால், விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் "அந்தச் சான்றிதழ் எங்கே?" என்ற கேள்வி வரும். ஏணி இருந்தும் பாம்பின் வாயில் விழுவது இப்படித்தான்.

கட்டுரை வெளியிடுவதிலும் கவனம் தேவை. பணம் வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகிவிட்டன. தரமான இதழ்களை அடையாளம் காட்ட யு.ஜி.சி. வைத்திருந்த 'கேர்' பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டது. எது நல்ல இதழ் என்று இனி ஆசிரியரும் கல்லூரியும்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அனுபவசாலி ஒருவரின் ஆலோசனை இங்கே பணத்தையும் பெயரையும் காப்பாற்றும்.

எங்கெல்லாம் கதவு திறந்திருக்கிறது?

* மாளவியா மிஷன் மையங்கள்: 1987-ல் 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்' என்ற பெயரில் தொடங்கியவை. 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான 'குரு தக்ஷதா' பயிற்சியும், பாடவாரியான புத்தாக்கப் பயிற்சிகளும் உண்டு.

* கோடைக்கால ஆய்வு உதவித்தொகை: நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வழங்குவது. மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். விடுமுறையில் இரண்டு மாதம் தேர்ந்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வகத்தில் வேலை செய்யும் வாய்ப்பு இது.

* 'டேர்' திட்டம்: மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரிகளில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள், வேலையை விடாமலே ஐ.ஐ.டி., ஐசர் போன்ற நிறுவனங்களில் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்ய உதவுவதற்காக உருவாக்கப்பட்டது.

* ஸ்டார் காலேஜ்: மத்திய உயிரி தொழில்நுட்பத் துறை 2008-ல் தொடங்கியது. கல்லூரி விண்ணப்பித்துத் தேர்வானால், இளநிலை லேப் வசதிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் நிதி கிடைக்கும்.

* இந்தியா பயோசயின்ஸ்: 2009 முதல் இயங்கும் அமைப்பு. இளம் உயிர் அறிவியல் ஆராய்ச்சியாளர்களை மூத்த விஞ்ஞானிகளோடு சந்திக்கவைக்கும் கூட்டங்களை நடத்துகிறது. வேலை, நிதியுதவி அறிவிப்புகளும் இதன் இணையதளத்தில் வரும்.

கெஸ்ட் லெக்சரர் என்ன செய்வது?

பல கல்லூரிகளில் பிராக்டிக்கல் வகுப்புகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள்தான். பதவி உயர்வு விதிகள் அவர்களுக்குப் பொருந்தாது. 'டேர்' போன்ற திட்டங்களும் நிரந்தரப் பணியாளர்களுக்கே. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே தெரியாதவரிடம், "புதுமையாகப் பாடம் நடத்துங்கள்" என்று சொல்வதில் நியாயமும் இல்லை.

ஆனாலும், 'ஸ்வயம்', 'என்.பி.டெல்' தளங்களில் உயிரியல் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். நிரந்தர வேலைக்கான நேர்காணல் வரும்போது இவை கைகொடுக்கலாம். துறையின் கூட்டங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த அரசாணையும் தேவையில்லை. துறைத் தலைவருக்கு மனம் இருந்தால் போதும்.

வாரம் அரை மணி நேரம்

பயிற்சி 21 நாளில் முடிந்துவிடும். சந்தேகங்களோ தினமும் வரும். அதனால்தான் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்தவர் முக்கியமாகிறார். கல்லூரிகள் பெரிய செலவில்லாமல் இவற்றைத் தொடங்கலாம்...

* புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த ஆசிரியரை வழிகாட்டியாக நியமிக்கலாம். அவர் துறைத் தலைவராக இல்லாமல் இருப்பது நல்லது. மதிப்பெண் போடுபவரிடம் பலவீனத்தைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும்.

* வாரம் அரை மணி நேரம் இருவரும் பேசலாம். எந்த வகுப்பு சொதப்பியது என்பதையும் சேர்த்து!

* புதியவர், மூத்தவரின் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கலாம். மூத்தவரும் புதியவரின் வகுப்புக்கு வரலாம்.

* பிராக்டிக்கலை முதல் நாளே சேர்ந்து ஒருமுறை செய்து பார்க்கலாம்.

* வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழ், கட்டுரை, பணிப்பதிவு எல்லாவற்றையும் சேர்ந்து சரிபார்க்கலாம்.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. டி.என்.ஏ. தரவுகளை கம்ப்யூட்டரில் அலசும் வித்தையை இளையவர் சொல்லித் தரலாம். ஒரு செடியைப் பார்த்ததும் அதன் குடும்பத்தைச் சொல்லும் வித்தையை மூத்தவர் கற்றுக்கொடுக்கலாம்.

அடுத்த ஜூனிலும் ஒரு புதியவர் லேப் சாவியோடு தனியாக நிற்பார். "வாங்க சார், வாங்க மேடம்... நாளைக்கு பிராக்டிக்கலா? சேர்ந்து ஒரு தடவை பார்த்துடலாம்" என்று ஒருவர் அழைத்தால் போதும். நிம்மதி அவருக்கு மட்டுமல்ல, மறுநாள் காலை வரப்போகும் நாற்பது மாணவர்களுக்கும்தான்!