நடுவுநிலைமையும் துலாக்கோலும்: காலநிலை மாற்றச் செய்திகளில் பீ.பீ.சீ. கற்ற பாடம்

நடுவுநிலைமை என்றதும் தமிழர் சிந்தையில் முதலில் எழுவது துலாக்கோலாகும். எப்பக்கமும் சாயாது நிற்றலே அதன் சிறப்பென்பது பொதுவான எண்ணம். ஆயினும் அக்கோலின் தொழிலை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலப்படும். ஒரு தட்டில் ஓர் இறாத்தலும் மறுதட்டில் ஓர் அவுன்சும் இட்ட பின்னரும் கோல் சமமாகவே நிற்குமாயின், அதனை நேர்மையான கோலென எவரும் பாராட்டார். பழுதுற்ற கோலென்றே ஒதுக்குவர். பொருளை இடுமுன் சமமாய் நிற்றலும், இட்டபின் நிறைக்கேற்பச் சாய்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அதன் நேர்மை. முன்னதை மட்டும் போற்றிப் பின்னதை மறந்தமையால் உலகப் புகழ்பெற்ற ஒலிபரப்பு நிறுவனமொன்று எய்திய இடர்ப்பாட்டையும், அதனின்று அது கற்ற பாடத்தையும் இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

பீ.பீ.சீ. என வழங்கும் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1922 ஆம் ஆண்டில் ஒரு கம்பனியாகத் தோன்றி, 1927 ஆம் ஆண்டில் அரச சாசனத்தின்வழிப் பொதுக் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் முதற் பணிப்பாளர் நாயகம் ஜோன் ரீத் என்பவர். உள்நாட்டில் அதன் சேவைகள் விளம்பர வருவாயாலன்றிப் பெரும்பாலும் மக்கள் செலுத்தும் அனுமதிக் கட்டணத்தால் நடைபெறுகின்றன. கட்டணம் செலுத்துவோருள் எல்லாக் கட்சியினரும் எல்லாக் கொள்கையினரும் உளர். ஆதலின் ஒருவர் சார்பாக நில்லாமை அதன் உயிர்நாடியான கடமையாயிற்று. அரசியற் பிணக்குகளில் இரு திறத்தாரையும் அழைத்து, இருவர்க்கும் ஒத்த வாய்ப்பளிக்கும் வழக்கம் இவ்வாறே வேரூன்றியது. அரசியலில் அவ்வழக்கம் பொருத்தமானதே. அங்கே இறுதித் தீர்ப்பை வழங்குவோர் வாக்காளர். ஆனால் விஞ்ஞானத்தின் வழக்குகளைத் தீர்ப்பது வாக்கன்று, சான்று.

காலநிலை மாற்றம் பற்றிய சான்று நேற்றுத் தோன்றியதன்று. காபனீரொட்சைட்டு வெப்பத்தை உறிஞ்சும் இயல்பினது என்பதை ஜோன் ரிண்டல் 1859 ஆம் ஆண்டளவிலேயே பரிசோதனையாற் காட்டினார். வளியில் அவ்வாயு பெருகினால் புவி எவ்வளவு வெப்பமுறும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1896 ஆம் ஆண்டிற் கணித்தார். 1958 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சாள்ஸ் கீலிங் தொடங்கிய அளவீட்டில், பத்து இலட்சம் பங்கு வளியில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கையும் கடந்துள்ளது. 1988 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு, மனிதர் செயலாற் புவி வெப்பமுற்றமை ஐயத்திற்கு இடமற்றது என 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது. 1850 முதல் 1900 வரையான காலத்தினும், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டு ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் மிகுந்த வெப்பமுடையதாயிருந்தது என்பதும் அக்குழுவின் முடிபாகும்.

இத்துணைச் சான்று ஒரு தட்டில் இருக்கவும், செய்தியாளர் பலர் இதனைப் பட்டிமண்டபப் பொருளாக்கினர். ஒரு பக்கம் ஒரு விஞ்ஞானி. மறுபக்கம் மறுப்பாளர் ஒருவர். நடுவே நேரத்தைச் சமமாகப் பங்கிடும் அறிவிப்பாளர். கேட்போர் மனத்தில் எஞ்சுவது யாது? அறிஞருலகம் பாதிக்குப் பாதியாகப் பிளவுண்டு கிடக்கின்றது என்னும் எண்ணமே. பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் மெய்யாயிருப்பினும், நிகழ்ச்சி முழுமையும் தரும் தோற்றம் பொய்யாகிவிடுகின்றது. இக்குறை ஒலிபரப்புக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நான்கு பெரும் பத்திரிகைகளில் 1988 முதல் 2002 வரை வெளிவந்த கட்டுரைகளை ஆய்ந்து 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு இரு கருத்துக்கும் ஏறக்குறையச் சமமான இடமளித்தமையைக் கண்டது. சமநிலையே சார்பாகிவிட்டது என்பது அதன் முடிபு.

பீ.பீ.சீ. நிறுவனம் இதனை அறியாதிருக்கவில்லை. 2007 ஆம் ஆண்டில் அதன் பொறுப்பாண்மைச் சபை வெளியிட்ட அறிக்கையொன்று, நடுவுநிலைமையை இரு முனைகளும் ஏறியிறங்கும் விளையாட்டுப் பலகையாகக் கருதாது, பல ஆரங்களையுடைய வண்டிச் சக்கரமாகக் கருதுமாறு கூறியது. காலநிலை மாற்றத்தை மறுப்போர்க்குச் சமமான இடமளித்தலைச் சான்றின் நிறை இனி நியாயப்படுத்தாது என்னும் நிலைப்பாட்டையும், அவர்தம் குரல் முற்றாக அடைக்கப்படலாகாது என்னும் கருத்தையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. 2011 ஆம் ஆண்டில் அச்சபையின் வேண்டுகோளின்படி விஞ்ஞான நிகழ்ச்சிகளை மதிப்பிட்ட மரபியற் பேராசிரியர் ஸ்டீவ் ஜோன்ஸ், அவற்றின் தரத்தைப் பொதுவாகப் பாராட்டினார். ஆயினும் நடுவுநிலைமை விதியை அளவுக்கு மீறி இறுகப் பற்றுவதால் விளிம்பு நிலைக் கருத்துக்கள் தகுதிக்கு மிஞ்சிய இடம் பெறுகின்றன என எச்சரித்தார்.

எச்சரிக்கை ஏட்டளவில் நின்றது. 2014 பெப்ரவரியில், தென் இங்கிலாந்து வெள்ளத்தில் மூழ்கியிருந்த வேளை, காலை வானொலி நிகழ்ச்சியொன்றில் வளிமண்டலவியல் அறிஞர் சேர் பிறையன் ஹொஸ்கின்சுடன் முன்னாள் நிதியமைச்சர் லோசன் பிரபு வாதிட்டார். லோசனின் கருத்துக்கள் ஆய்வுச் சான்றால் ஆதரிக்கப்படாதவை என்பது நேயர்க்குப் போதிய அளவு உணர்த்தப்படவில்லை என நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு பின்னர் ஒப்புக்கொண்டது. 2017 ஓகஸ்டில் அதே நிகழ்ச்சியில் அவரே மீண்டும் தோன்றி, முந்திய பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சிறிது குறைந்துள்ளது என்றார். 2016 ஆம் ஆண்டோ அதுவரை பதிவான ஆண்டுகள் யாவற்றினும் வெப்பம் மிகுந்ததாயிருந்தது. நிறுவனம் முதலில் நிகழ்ச்சிக்கு ஆதரவாக நியாயங் கூறிப் பின்னர் ஒக்டோபரிற் பிழையை ஏற்றது. 2018 ஏப்பிரலில், ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் என்னும் அமைப்பு, செய்தித் துல்லியம் பற்றிய விதி மீறப்பட்டதெனத் தீர்த்தது. பிழை செவியை அடைந்தது ஒரு காலைப்பொழுதில். இறுதித் தீர்ப்பு வந்ததோ எட்டுத் திங்களின் பின்.

2018 செப்டெம்பரில், செய்திப் பிரிவுக்குத் தலைமை வகித்த பிரான் அன்ஸ்வேர்த், காலநிலை மாற்றச் செய்திகளில் நிறுவனம் அடிக்கடி தவறியுள்ளதை ஏற்று, நடுவுநிலைமைக்காக முழு மறுப்பாளர் ஒருவரைத் தேடி அழைக்க வேண்டியதில்லை எனச் செய்தியாளர்க்கு அறிவுறுத்தினார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மாற்றுக் கருத்தை இவ்வாறு ஒதுக்குதல் கருத்துச் சுதந்திரத்துக்குக் கேடன்றோ? உண்மையும் கொள்கையும் வெவ்வேறு என்பதை உணரின் இவ்வையம் நீங்கும். புவி வெப்பமுறுகின்றதா என்பது உண்மை பற்றிய வினா. அதற்குச் சான்று விடையளித்துவிட்டது. அணுமின் நிலையங்களை அமைப்பதா, எரிபொருளுக்கு வரி விதிப்பதா, செல்வ நாடுகள் வறிய நாடுகளுக்கு எவ்வளவு ஈடு செய்வது என்பன கொள்கை பற்றிய வினாக்கள். இவற்றில் நேர்மையாளரும் வேறுபடுவர். இங்கே வண்டிச் சக்கரத்தின் எல்லா ஆரங்களும் வேண்டப்படும். மாற்றத்தின் வேகம், பரிகாரம் ஆகியன பற்றி ஐயுறுவோர்க்கு இடமளித்தலை 2018 அறிவுறுத்தலும் தடுக்கவில்லை. ஒலிபரப்பாளர் பிரசாரகராதலும் தகாது. காலநிலை பற்றிய விழிப்புணர்வுக்கெனத் திட்டமிட்டிருந்த ஒருநாட் சிறப்பு நிகழ்ச்சியை 2007 ஆம் ஆண்டில் பீ.பீ.சீ. கைவிட்டமைக்கு முன், அதன் செய்திப் பொறுப்பாளர் சிலரே இத்தகைய கருத்தை வெளிப்படையாகக் கூறியிருந்தனர்.

சாதாரண குடிமகனிடம் உலகத்தின் வெப்பத்தை அளக்கும் கருவி இல்லை. கடலின் ஏற்றத்தைக் கணிக்கும் வாய்ப்பும் இல்லை. நம்பத்தக்க ஒரு குரலைக் கேட்டே அவன் தன் கருத்தை அமைத்துக்கொள்கின்றான். அக்கருத்தைக் கொண்டே வாக்களிக்கின்றான். வெளியிடப்பட்ட காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளியில் தங்குவதாதலின், ஐயத்தில் இழந்த ஆண்டுகளை மீட்டல் அரிது. ஆகவே ஒலிபரப்பாளர் கையிலுள்ள துலாக்கோல் விலை மதிக்கவியலாதது. அதன் முள் நடுவே நிற்கின்றதா என்று பார்த்தல் மட்டும் போதாது. தட்டுகளில் இடப்பட்டவை யாவை, அவற்றின் நிறை எவ்வளவு என்பதை மறையாது காட்டுவதே மெய்யான நடுவுநிலைமையாகும்.