ஆண்டுக்கு எத்தனை ரிலீஸ்?

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: “அடுத்த ஆண்டுக்கான கருவிகளைத் தேர்ந்தெடுக்க எங்கள் குழு ஓர் அட்டவணை போட்டிருக்கிறது. எடிட்டரோ, நிரல்மொழியோ, லைப்ரரியோ எதுவானாலும் ஆண்டுக்கு எத்தனை தடவை புதிய பதிப்பு விடுகிறார்கள் என்று எண்ணுகிறோம். அதிகம் விட்டால் அதிக மதிப்பெண். குறைவாக விட்டால் அந்தக் கருவி செத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. இந்த அளவுகோல் சரியா?”

ஒரே வேலைக்கு ஐந்தாறு கருவிகள் போட்டிக்கு நிற்கும்போது, எளிதில் எண்ணக்கூடியதை எண்ணிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் எண்ண உட்கார்ந்ததுமே சிக்கல் வந்துவிடுகிறது. எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது?

இரண்டு எடிட்டர்களை எடுத்துக்கொள்வோம். விஷுவல் ஸ்டுடியோ கோட் 2016 ஏப்ரலில் 1.0 பதிப்பை எட்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு. விம் 8.0 அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. 8.1 வர 2018 மே ஆயிற்று, 8.2 வர 2019 டிசம்பர், 9.0 வர 2022 ஜூன். வாசகரின் அட்டவணையில் விம் படுத்த படுக்கையாகத்தான் தெரியும். ஆனால் விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் தனி எண் கொடுத்து, முடிந்த கையோடு பொதுவில் வைத்துவிடுவார். 8.2-க்கும் 9.0-க்கும் நடுவில் அப்படி வந்த திருத்தங்கள் 5000-க்கும் மேல். நாளுக்குச் சராசரியாக ஐந்துக்கும் அதிகம்! இரண்டரை ஆண்டில் ஒரு பதிப்பு என்பதும் உண்மை, ஐயாயிரம் என்பதும் உண்மை. இரண்டில் எதைக் கட்டத்தில் எழுதுவது என்பது, கருவியைப் பற்றி எதுவும் சொல்லாமல், எண்ணுபவரின் பழக்கத்தைப் பொறுத்துப் போய்விடுகிறது.

அடிக்கடி பதிப்பு விடும் பழக்கம் ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஜினோம் 2002-லிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்று என்று விட்டுவருகிறது. உபுண்டு 2004 அக்டோபரில் அதே ஒழுங்கில் தொடங்கியது; முதல் பதிப்பின் எண்ணே 4.10. குரோம் 2010-இல் ஆறு வாரச் சுழற்சியை அறிவித்தது, 2011-இல் பயர்பாக்ஸ் அதைப் பின்பற்றியது, 2021-இல் குரோம் நான்கு வாரமாகச் சுருக்கியது. டெபியன் திட்டத்தின் முன்னாள் தலைவர் மார்ட்டின் மிச்ல்மையர் இந்தப் போக்கையே ஆராய்ந்து 2007-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். வரலாறு இவ்வளவு போதும். அதற்குள் ஒளிந்திருக்கும் பொறிமுறைதான் நின்று பார்க்க வேண்டியது.

பதிப்பு விடுவதில் அடிப்படையில் இரண்டு வழிகள். ஒன்று ஷேர் ஆட்டோ வழி: ஆள் நிரம்பினால்தான் வண்டி நகரும். திட்டமிட்ட வசதிகள் எல்லாம் தயாரானால்தான் பதிப்பு. மற்றது டவுன் பஸ் வழி: ஐந்து பத்து வண்டி ஐந்து பத்துக்குக் கிளம்பிவிடும், ஏறியவர்கள் போகலாம், மற்றவர்களுக்கு அடுத்த வண்டி. தேதி முதலில், வசதிகள் பிறகு.

ஷேர் ஆட்டோவில் கடைசி ஆள் வராவிட்டால், முன்பே ஏறி உட்கார்ந்த அத்தனை பேரும் வியர்த்து வழியக் காத்திருக்க வேண்டும். ஜாவாவுக்கு நடந்தது இதுதான். ஜாவா 6 வந்தது 2006 டிசம்பரில். ஜாவா 7 வந்தது 2011 ஜூலையில். நடுவில் நாலரை ஆண்டு. ஜிக்சா என்ற மாட்யூல் அமைப்பு 7-இல் வருவதாக இருந்தது, 8-க்குத் தள்ளினார்கள், அங்கிருந்து 9-க்குத் தள்ளினார்கள், ஒருவழியாக 2017 செப்டம்பரில் ஜாவா 9-உடன் வந்து சேர்ந்தது. அதே மாதம் ஜாவாவின் தலைமைக் கட்டமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட், இனி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று முன்மொழிந்தார். 2018 மார்ச்சில் ஜாவா 10 வந்தது. அன்று முதல் மார்ச், செப்டம்பர், மார்ச், செப்டம்பர் என்று வண்டி தவறாமல் ஓடுகிறது.

இதனால் என்ன நன்மை என்று கேட்டால் பலரும் ‘வேகம்’ என்பார்கள். அதைவிடப் பெரிய நன்மை படிக்கட்டில் இருக்கிறது. அடுத்த பஸ் எப்போது வரும் என்றே தெரியாத ஊரில்தான் ஆட்கள் படிக்கட்டில் தொங்குவார்கள். இந்தப் பதிப்பைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று ஆண்டு கழித்துத்தான் என்றால், அரைகுறையாக எழுதிய வசதியையும் எப்படியாவது உள்ளே திணிக்கத்தான் எவருக்கும் தோன்றும். சோதனை செய்பவரின் கை அவசரப்படும், மேலாளரின் குரல் உயரும். அடுத்த வண்டி ஆறு மாதத்தில், அல்லது ஆறு வாரத்தில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் யாரும் தொங்க மாட்டார்கள். ‘பரவாயில்லை, அடுத்ததில் வருகிறேன்’ என்று வசதியை இறக்கிவைத்துவிடலாம். தவறவிடுவதன் விலை குறைகிறது; அதனால் அவசரம் குறைகிறது; அதனால் பிழை குறைகிறது. அடிக்கடி வரும் பதிப்பு அவசரத்தைத் தணிக்கிறது என்பது முதலில் கேட்க முரணாக இருக்கும். ஆனால் ஜாவாவின் பதிப்புக் குறிப்புகளைப் புரட்டினால் கண்ணெதிரே தெரிகிறது.

ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன் என்ற வசதி ஜாவா 12-இல் முன்னோட்டமாக ஏறியது. மதிப்பைத் திருப்பித் தர ‘பிரேக்’ என்ற சொல்லையே பயன்படுத்தியது குழப்புகிறது என்று நிரலாளர்கள் சொன்னார்கள். 13-இல் அதை ‘யீல்டு’ என்று மாற்றி மறுபடி முன்னோட்டமாக விட்டார்கள். 14-இல்தான் நிரந்தர இடம். இன்னும் அழகான சான்று ஸ்டிரிங் டெம்ப்ளேட். 21-இல் முன்னோட்டம், 22-இல் இரண்டாம் முன்னோட்டம், 2024 செப்டம்பரில் வந்த 23-இல் அது இல்லவே இல்லை. வடிவமைப்பு சரியாக வரவில்லை என்று வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மூன்றாண்டுக்கு ஒரு பதிப்பு வரும் காலமாக இருந்தால் இப்படி இறக்க யாருக்கு மனம் வந்திருக்கும்?

வண்டி நேரத்துக்குக் கிளம்புவது மட்டும் போதாது. கிளம்பும் முன் பிரேக் பார்த்தாக வேண்டும். இதில் ரஸ்ட் மொழியின் ஏற்பாடு வியப்பூட்டுவது. 2015 மே 15 அன்று 1.0 வந்ததிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு நிலையான பதிப்பு. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வண்டிகள் ஓடுகின்றன. இரவுதோறும் கட்டப்படும் நைட்லியில் புது வேலை எல்லாம் ஏறுகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அது பீட்டாவாகிறது. பீட்டாவில் ஆறு வாரம் ஓடிய பிறகுதான் நிலையான பதிப்பு. அந்த இடைவெளியில் கிரேட்டர் என்ற கருவி, உலகம் முழுவதும் பொதுவில் கிடக்கும் ரஸ்ட் நிரல்களைப் பழைய கம்பைலரிலும் புதியதிலும் ஓட்டி, எது உடைகிறது என்று பார்க்கிறது. இந்த டெப்போ வேலை இல்லாத இடத்தில் ஆறு வாரச் சுழற்சியைக் கொண்டுவந்தால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது உடைக்கலாம், அவ்வளவுதான்.

இனி காத்திருப்பின் கணக்குக்கு வருவோம். அட்டவணையில் ‘ஆண்டுக்கு 12’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரே எண்ணுக்குள் முற்றிலும் வேறான இரண்டு கருவிகள் ஒளிந்திருக்க முடியும். முதல் கருவி மாதம் ஒன்று என்று சீராக விடுகிறது. பிழை ஒன்றைச் சரிசெய்துவிட்டார்கள், அது பயனர் கைக்கு வர எத்தனை நாள்? சராசரியாக 15. இரண்டாவது கருவியும் 12 பதிப்புதான் விடுகிறது. ஆனால் மூன்று நாள் இடைவெளியில் கொத்தாக விட்டுவிட்டு, மீதி 332 நாளும் சும்மா இருக்கிறது. இங்கே அதே சராசரிக் காத்திருப்பு 151 நாள்! திருத்தம் ஆண்டின் எந்த நாளில் முடிந்தாலும், அந்த நீண்ட இடைவெளிக்குள் விழவே வாய்ப்பு அதிகம். 365 நாளில் 332 நாள் அதற்குத்தானே சொந்தம். ஒவ்வோர் இடைவெளியையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நாளின் இருமடங்கால் வகுத்தால் இந்த விடை கிடைக்கும். இடைவெளியின் வர்க்கம் கணக்கில் நுழைவதால், ஒரே ஒரு பெரிய இடைவெளி மற்ற பதினொன்றையும் விழுங்கிவிடுகிறது. எனவே பதிப்புகளின் எண்ணிக்கையைவிட, மிக நீண்ட இடைவெளி எது என்ற ஒரு தேதிக்கணக்கு கூடுதலாகச் சொல்லும்.

அடிக்கடி வருவதற்கு ஒரு செலவும் உண்டு, அது பெறுபவர் தலையில் விழுகிறது. பயர்பாக்ஸ் ஆறு வாரத்துக்கு மாறியதும் பெரிய நிறுவனங்கள் தவித்தன. ஒவ்வொரு பதிப்பையும் தங்கள் பழைய செயலிகளோடு சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. மொசில்லா 2012-இல் இ.எஸ்.ஆர். என்ற நீண்ட ஆதரவுப் பதிப்பைத் தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஜாவாவிலும் இதே கதை. ஆறு மாதத்துக்கு ஒன்று வந்தாலும், நிறுவனங்கள் பெரும்பாலும் 11, 17, 21 போன்ற நீண்ட ஆதரவுப் பதிப்புகளில்தான் தங்குகின்றன. ‘அடிக்கடி வெளியிடுபவர்களே சிறந்தவர்கள்’ என்று மேலாண்மைக் கருத்தரங்குகளில் முழங்குபவர்கள் இந்தச் செலவைச் சொல்வதில்லை. அவர்கள் மேற்கோள் காட்டும் டோரா ஆய்வுகளே, வெளியீட்டு எண்ணிக்கையை மாற்றங்கள் தோல்வியடையும் விகிதத்தோடு சேர்த்துத்தான் அளக்கின்றன. அந்த இரண்டாம் பாதி கருத்தரங்கு மேடை வரை வந்து சேர்வதே இல்லை.

அதிக எண்ணிக்கை சில சமயம் நெருப்பின் அறிகுறி. 2021 டிசம்பரில் லாக்4ஜே லைப்ரரி 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என ஒரே மாதத்தில் நான்கு பதிப்பு விட்டது. உலகையே உலுக்கிய பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்கப்போய், அடைப்பிலேயே ஓட்டை கண்டு, மறுபடி அடைத்த மாதம் அது. மறுபக்கம் டொனால்ட் க்னூத்தின் டெக். அதன் 3.14159265 பதிப்பு 2014-இல் வந்தது, அடுத்தது 2021-இல். நடுவில் எழுதப்பட்ட எண்ணற்ற கணித ஆய்வுக் கட்டுரைகள் அதில்தான் அச்சுக்கோக்கப்பட்டன. க்னூத் பிழைப் பட்டியலைத் திறக்கும் இடைவெளியும் திட்டமிட்டதே: 2008, 2014, 2021, அடுத்து 2029. ஒவ்வொரு முறையும் ஓராண்டு கூடுகிறது. டெக்கும் கால அட்டவணைப்படிதான் ஓடுகிறது.

எண்ணிக்கையை நம்புவது ஆபத்தாகவே முடிந்த கதை எக்ஸ்.இசட். கோப்புகளைச் சுருக்கும் இந்தக் கருவி பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. 5.2.5 பதிப்பு 2020 மார்ச்சில் வந்தது, 5.2.6 வர 2022 ஆகஸ்ட் ஆயிற்று. தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்த திட்டம் அது. 2022-இல் முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின: பதிப்புகள் தாமதமாகின்றன, பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள் என்று. அந்தப் பெயர்கள் போலியானவை என்றே இன்று கருதப்படுகிறது. ஜியா டான் என்ற பெயரில் வந்த புதிய உதவியாளருக்குப் படிப்படியாகப் பொறுப்பு கைமாறியது. பிறகு பதிப்புகள் தாராளமாக வந்தன, 2023-இல் 5.4 வரிசையில் மட்டும் ஐந்து. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0-இலும் மார்ச்சில் வந்த 5.6.1-இலும் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளக்கதவு இருந்தது. லாகின் செய்ய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்து பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று வெளியிட்டார். அதற்குள் புதியதை உடனுக்குடன் ஏற்கும் ஃபெடோரா ராஹைடு, டெபியன் அன்ஸ்டேபிள் போன்றவற்றில் அது நுழைந்துவிட்டது. நிதானமாக நகரும் டெபியன் ஸ்டேபிளைத் தொடவில்லை. வாசகரின் குழு அன்று அட்டவணை போட்டிருந்தால், எக்ஸ்.இசட். உயர்ந்த மதிப்பெண்ணை நஞ்சு கலந்த காலத்தில்தான் வாங்கியிருக்கும்.

அட்டவணையில் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, மூன்று விவரங்களை எழுதச் சொல்லலாம். மிக நீண்ட இடைவெளி தொடங்கிய நாளும் முடிந்த நாளும். கடைசியாக ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்ததற்கும் திருத்தம் வந்ததற்கும் நடுவில் ஆன நாட்கள். பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் நிற்கும் நாள். இந்த மூன்றாவதுதான் குழுவின் சொந்த வேகத்தோடு நேராக மோதுவது. பைத்தான் ஒரு பதிப்பை ஐந்தாண்டு தாங்குகிறது. ரஸ்ட்டில் அண்மைய நிலையான பதிப்புக்கு மட்டுமே ஆதரவு. கோ மொழி ஆறு மாதத்துக்கு ஒன்று விட்டு, கடைசி இரண்டை மட்டும் பார்த்துக்கொள்கிறது: 2023 ஆகஸ்டில் வந்த 1.21-க்கான திருத்தங்கள், 2024 ஆகஸ்டில் 1.23 வந்ததோடு நின்றன. ஆண்டுக்கு ஒருமுறைதான் கருவிகளை மாற்ற முடியும் என்ற நிலையில் இருக்கும் குழு கோ மொழியை எடுத்தால், அந்த மாற்றத்தை ஆகஸ்டிலிருந்து தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிப்போடக்கூட அதற்கு இடமில்லை.